புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்பதற்கு நான் சொன்ன காரணங்கள்

முருகேசன் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஏழெட்டு ஏலக்காய்கள் மேசைமேல் உருண்டன.

அவன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னக்கா, இதுக்குள்ள பாயாசம் ஏதும் வைக்கிறீகளா?"

எலி கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். என் கடைக்கு இரண்டு பக்கமும் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கிகள். போடியில் அந்தத் தெருவில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ரெண்டு காய் கிடக்கும். சாரல் நாட்களில் அந்தக் கம்ப்யூட்டர் வெளியே தள்ளும் சூட்டுக் காற்றில் ஏலக்காய் மணக்கும். ஜாதகம் எழுத வருகிறவர்கள் அதைத் தெய்வீகமாக எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுத்ததில்லை.

முருகேசன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். நேற்று இடி இடித்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது, கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருந்தேன்.

"அவ்வளவுதான்னா, அதுக்கு மேல அது என்னக்கா செய்யும்? புதுசு வாங்கிருங்க. இதுக்குச் சாமான் தேனியிலயும் கிடைக்காது, மதுரையிலயும் கிடைக்காது."

"வாங்கலாம் தம்பி. ஆடி போகட்டும்."

அவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆடி போயி பத்து நாளாச்சுக்கா."

கம்ப்யூட்டர் அக்கா

டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்த நான் எப்படி ஜாதகக் கடைக்காரி ஆனேன் என்பதை இத்தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: டைப்ரைட்டரைத் தேடி வரும் ஆள் நின்றுபோன வருடத்தில், மூடப்போகும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து இந்தப் பெட்டியைப் பழையதாக வாங்கினேன். மனு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் மூன்றும் அதில்தான்.

அப்போது எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சென்டர்க்காரர் எனக்கு இரண்டு மத்தியானங்கள் மட்டும் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். 'இடது பக்கம் மேலிருந்து மூன்றாவது படம், இரண்டு தட்டு. நீலக் கட்டம் வரும். பயப்படாமல் கீழே வலது பொத்தான்.' இப்படி முப்பத்தொன்பது பக்கம்.

அந்த நோட்டில் எழுதியதைத் தவிர எனக்குக் கம்ப்யூட்டரில் வேறெதுவும் தெரியாது. ஒரு படம் இடம் மாறினால்கூட அன்றைக்குக் கடை லீவு.

ஆனால் ஊரில் என் பெயர் 'கம்ப்யூட்டர் அக்கா'. சிலமலையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, 'கம்ப்யூட்டர் அக்கா கடை எது' என்று கேட்டு வருவார்கள். பேங்கில் மிஷின் வேலை செய்யவில்லை என்றால் காவலாளி என்னைத்தான் கூப்பிட்டார். நான் போய் அதை மேலும் கீழும் பார்த்து, தலையை ஆட்டி, "கரண்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சரியாகிவிட்டதாம். பெயர் இன்னும் கூடியது.

சொன்ன காரணங்கள்

அதனால் புது கம்ப்யூட்டர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் என் கையில் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

ஆடியில் புதுசு வாங்கக் கூடாது. ஆவணி முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை தலைக்கு மேல். புரட்டாசி வீட்டில் ஆகாது. ஐப்பசியில் தீபாவளிச் செலவு. கார்த்திகையில் இடியும் மழையும், புது மிஷின் தாங்காது. மார்கழி சொல்லவே வேண்டாம். தை, மாசியில் மறுபடி கல்யாணங்கள். பங்குனி, சித்திரை திருவிழா. வைகாசியில் காற்று அதிகம். காற்றுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன என்று முருகேசன் ஒரே ஒரு தடவை கேட்டான். "தூசி" என்றேன். ஆனியில் மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்த மாதம் அவன் கடைக்கு வந்தால் நான் சாப்பிடப் போய்விடுவேன்.

மற்றவர்களிடம் வேறு. பெரியம்மா மகன் கேட்டபோது, "புதுசுல தமிழ் வராது" என்றேன். அது முழுப் பொய்யில்லை. என்னிடமிருந்த பழைய எழுத்தில் அடித்த மனுவைப் புது மிஷினில் திறந்தால் பொரிகடலை கொட்டியதுபோலக் கட்டம் கட்டமாக வரும்.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பதை முருகேசன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆபீசில் ஒரு கிளார்க். மலையாளம் பாதி, தமிழ் பாதி பேசுகிறவர். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் திறப்பதற்குள் டீ கொதித்து இறங்கிவிடும். முருகேசன் ஜீப்பில் புதிதைக் கொண்டுபோய் இறக்கியபோது அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சூடாவாதோ?" என்று கேட்டிருக்கிறார். ஆகாது என்று இவன் பெருமையாகச் சொல்ல, "அப்ப எனக்குப் பழசு மதி, அது போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பனி மூடிய காலையில் அவர் இரண்டு கையையும் அந்தப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாராம்.

பள்ளிக்கூட ஆபீசில் இருந்த டீச்சரின் காரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். பழைய டிவிபோல முதுகு பருத்த திரையின் தலையில் அவர் பிள்ளையாரை வைத்திருந்தார். புதுத் திரை தாள்போல மெல்லியது. "பிள்ளையார எங்க வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

சோதனைக்கு ஒன்று

அந்த ஆவணியில் என் காரணங்கள் எதுவும் எடுபடவில்லை. முருகேசன் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"எங்கயாச்சும் சாமான் கிடைக்குதான்னு பாக்குறேன். அது வரைக்கும் இத வச்சுக்கிருங்க. சோதனைக்குத்தான்."

ஒரு புது மிஷினை மாட்டி, புது ஜாதக சாப்ட்வேரையும் ஏற்றிவிட்டு, "நீங்க பாக்காத கம்ப்யூட்டரா" என்று சொல்லிப் போய்விட்டான்.

மேலிருந்து மூன்றாவது படத்தைத் தேடினேன். மேலே படமே இல்லை. எல்லாம் கீழே வரிசையாக நின்றன.

கதவைப் பாதி சாத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தடவினேன். ஜாதகம் திறந்தது. 'கவிதா' என்று தமிழில் அடித்தால் வேறென்னவோ வந்தது. இங்கிலீஷில் அடித்தேன்.

கவிதா என்றது சிலமலைப் பாண்டியம்மாள் அக்காவின் மகளை. தேவாரத்து மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பழைய மிஷினில் நான்தான் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருந்தேன். பத்துக்கு எட்டு. ரஜ்ஜுப் பொருத்தமும் உண்டு. வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டில் அந்தத் தாள் மழையில் நனைந்துவிட்டதால், இன்னொன்று அடித்துக் கொடுக்கச் சொல்லிப் பாண்டியம்மாள் அக்கா வந்திருந்தார். மூங்கில் கூடையில் கத்தரிக்காயோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பிறந்த தேதி, நேரம் எல்லாம் அவர் மனப்பாடமாகச் சொன்னார். சாயங்காலம் நாலே கால். அடித்தேன். கலரில், ஓரத்தில் தாமரைப் பூப் போட்டு, பளபளவென்று வந்தது. இரண்டு பேரும் பூவைப் பார்த்தோம். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. மிஷின் திறந்து வேலை செய்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு தாள்

அடுத்த நாள் பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. ஒரு கையில் நனைந்து காய்ந்த பழைய தாள், மறு கையில் தாமரைப் பூத் தாள். அவருக்குப் பின்னால் அதே கத்தரிக்காய்க் கூடையோடு பாண்டியம்மாள் அக்கா. அவருக்குப் பின்னால் கவிதா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. யூனிபார்மோடு வந்திருந்தாள்.

"தாயி, ரெண்டும் நீ அடிச்சுக் குடுத்ததுதான?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

"இந்தப் பழசுல பிள்ளைக்குக் கார்த்திகை நட்சத்திரம். இந்தப் பூப் போட்டதுல ரோகிணி. எங்க பையன் திருவோணம். ரோகிணின்னா ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு. கழுத்து ரஜ்ஜு. வர்ற பிள்ளை உசுருக்கு ஆகாதுன்னு வீட்டுல நேத்துல இருந்து அழுதுகிட்டு இருக்காக."

தாள்களை வாங்கி மேலும் கீழும் பார்த்தேன். பேங்கில் மிஷினைப் பார்த்த அதே பார்வைதான்.

"பழசுதான் சரி," என்றார் பாண்டியம்மாள் அக்கா. "அது எத்தன கல்யாணத்த முடிச்சு வச்ச மிஷினு. இது நேத்து வந்தது."

"தங்கச்சி, பழசு ரிப்பேராகிக் கிடக்குன்னு சொல்றாக. கிறுக்குப் பிடிச்ச மிஷினு சொன்னத எப்படி நம்புறது? புதுசு கணக்குத் தப்புமா?"

"நேத்துப் பொறந்ததுக்கு என்னண்ணே தெரியும் நாளும் நட்சத்திரமும்?"

சிறிது நேரம் இரண்டு சம்பந்திகளும் கம்ப்யூட்டரின் வயதைப் பற்றியே வாதாடினார்கள். அந்த நேரம் பார்த்து முருகேசன் பழைய பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். எங்கிருந்தோ சாமான் தேடிப் பிடித்துச் சரிசெய்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பெட்டியை, சாட்சி சொல்ல வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பாண்டியம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருடைய மூச்சில் வெற்றிலை மணந்தது.

"புதுசு கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லிரு ஆத்தா. நீ சொன்னா நம்பிருவாக."

நம்பியிருப்பார்கள். அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் விஷயத்தில் என் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. என் மானமும் பிழைத்திருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும், புது மிஷினும் திரும்பிப் போயிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கவிதா தன் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து ரஜ்ஜு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"மிஷின்ல தப்பு இருக்கான்னு எனக்குத் தெரியல," என்றேன். "ரெண்டும் ஏன் மாறி வருதுன்னே எனக்குத் தெரியல. எனக்கு இதுல அவ்வளவா ஒண்ணும் தெரியாது."

முருகேசன் பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றான்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்

புது சாப்ட்வேரின் அட்டைப் பெட்டியில் ஒரு போன் நம்பர் இருந்தது. கவிதாதான் அதைக் கண்டுபிடித்தாள். என் போனில் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். விவரத்தைக் கேட்டுவிட்டு, "பழசுல வாக்கியப் பஞ்சாங்கம் வச்சிருந்தீங்களா, திருக்கணிதமா?" என்றாள்.

நோட்டில் அது இல்லை. "தெரியாதும்மா," என்றேன். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவள் பொறுமையாக வழி சொன்னாள். முருகேசன் பழையதையும் மாட்ட, சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தோம். பழையதில் வாக்கியம். புதியதில் திருக்கணிதம். இரண்டும் வேறு வேறு கணக்காம். அந்தப் பெண் தன் பக்கத்திலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு மிஷினும் சரிதாங்க. அன்னிக்கு நட்சத்திரம் மாறுற நாள். வாக்கியப்படி ராத்திரி வரைக்கும் கார்த்திகை. திருக்கணிதப்படி சாயங்காலம் மூணு மணிக்கே ரோகிணி வந்துடுது. நாலே காலுக்குப் பொறந்ததால இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு வருது. மூணுக்கு முன்னாடி பொறந்திருந்தா ரெண்டுலயுமே கார்த்திகைதான். பொறந்த நேரம் சரியாத் தெரியுங்களா?"

எல்லாரும் பாண்டியம்மாள் அக்காவைப் பார்த்தோம்.

அவர் கூடையைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நாலே கால்ங்கிறது ஆசுபத்திரிச் சுவத்துல இருந்த மணி," என்றார்.

"அப்பத்தான பொறந்தேன்?" என்றாள் கவிதா.

"அப்பத்தான் ஆசுபத்திரிக்குள்ள போனோம்."

"அப்ப நான் எங்க பொறந்தேன்?"

"ஜீப்புல."

கவிதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குரங்கணிக்கு மேலே காய் பறிக்கப் போயிருந்தபோது நடந்தது அது. தோட்டத்தில் சோற்று மணி அடித்து, தூக்குச்சட்டியைத் திறந்தபோது வலி கண்டிருக்கிறது. மணி ஒன்று. ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். கூட வந்த பெண்கள் சேலையால் மறைத்துக்கொள்ள, மூன்றாவது வளைவைத் தாண்டியதும் கவிதா பிறந்துவிட்டாள். அதற்குக் கீழே ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி நகர்த்தி, போடி வந்து சேர நாலே கால்.

"மரம் வெட்டுறப்ப ரெண்டு மணி பஸ்சு அந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. பஸ்சுக்காரரு எறங்கி வந்து பிள்ளயப் பாத்துட்டுப் போனாரு. அப்ப நீ பொறந்து பால் குடிச்சாச்சு," என்றார். "ரோட்டுல பெத்தான்னு ஊர்ல சொல்லுவாகன்னு நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல."

"இருவத்தஞ்சு வருசமா என்னைய ஆஸ்பத்திரியில பொறந்த பிள்ளன்னு சொல்லிக்கிட்டு இருந்தீகளேம்மா. நான் நர்ஸுக்குப் படிச்சதே அதனாலதான்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"ஜீப்புன்னு தெரிஞ்சா டிரைவருக்குப் படிச்சிருப்பியா? போ."

மாப்பிள்ளையின் அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்புல பொறந்தா என்ன தங்கச்சி. எங்கூருல யான வந்த அன்னிக்கு எங்க அக்கா பரண் மேல ஏறிப் பெத்தா. அவன் இன்னிக்கு ஊருக்கே நாட்டாமை மாதிரித் திரியுறான்."

இரண்டு மணிக்கு முன்னால் என்று வைத்துப் புது மிஷினில் அடித்தேன். கார்த்திகை. பழையதிலும் அடித்தேன். கார்த்திகை. பழையது ஏலக்காய் மணத்தோடு சொன்னது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் கவிதாவிடம் திரும்பினார். "மிஷினு ரெண்டும் சரின்னு சொல்லிருச்சு. நீ என்ன சொல்ற தாயி? பையனப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு மாமா," என்றாள். "நிச்சயத்துக்கு லீவு கூடச் சொல்லிட்டேன். அத மறுபடி மாத்தச் சொன்னாத்தான் எங்க மேட்ரன் கத்தும்."

பாண்டியம்மாள் அக்கா கூடையிலிருந்த கத்தரிக்காயை எல்லாம் என் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. ஐப்பசியில் கல்யாணம். பத்திரிகையை எந்த மிஷினில் அடித்தேன் என்று இரண்டு வீட்டாரும் கேட்கவில்லை.

முருகேசன் சொன்னது

அவர்கள் போன பிறகு முருகேசன் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

அவன் புரட்டினான். 'பயப்படாமல் கீழே வலது பொத்தான்' என்ற இடத்தில் நின்றான்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் அம்புட்டும் இதுதான். புதுசு வாங்குனா மறுபடி அ, ஆ-வில இருந்து ஆரம்பிக்கணும். இந்த வயசுல, ஊரு பாக்க. அதான் ஆடி, ஆவணின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், காதோரம் நரைத்த ஆள். முகம் சிவந்துபோய் நின்றான்.

"அக்கா, எனக்குக் கழட்டி மாட்டத் தெரியும். மாட்டுனதுக்கு அப்புறம் திரையில எது எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க ஏதாச்சும் கேட்டுருவீகளோன்னுதான் வேல முடிஞ்ச ஒடனே வெரசாக் கெளம்பிருவேன். தோட்டத்துக் கிளார்க்கு பழசு மதின்னு சொன்னப்ப எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா?"

கவிதா போட்ட நம்பர் என் போனில் இன்னும் இருந்தது. மறுபடி போட்டோம். அதே பெண்தான் எடுத்தாள். புது மிஷினை வைத்துக்கொள்ளப் போவதாகவும், முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்றும் சொன்னேன்.

"தாராளமா. கத்துக்கப் போறது யாருங்க?" என்று கேட்டாள்.

நான் முருகேசன் பக்கம் கையைக் காட்டினேன். அவன் என் பக்கம் காட்டினான். போனில் அது அவளுக்குத் தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.